கம்பியில்லா இயந்திர விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளி ஆசிரியை ஒருவரின் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். மாலையில் அவர் தேர்வுக்குரிய வினாத்தாளைக் கணினியில் தட்டெழுதுகிறார். அவர் எழுந்த பின்னர், அதே கணினியில் அவருடைய மகன் ஒரு மணி நேரம் விளையாடுகிறான். மேசையும் ஒன்று, விசைப்பலகையும் ஒன்று. இருந்த பலகை பழுதுற்றபடியால் புதிது வாங்க வேண்டியுள்ளது. வண்ண விளக்குகள் ஒளிரும், கம்பியில்லாத 'மெக்கானிக்கல் கீபோர்டு' ஒன்றை மகன் விரும்புகிறான். அதன் விலையோ பல ஆயிரம் ரூபாய். அது தாயின் விரல்களுக்கு இசையுமா, மகனின் ஆட்டத்திற்குப் போதுமா, வினாத்தாள் வெளியே கசியாமல் காக்குமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விளம்பரத்தில் விடை கிடைப்பது அரிது. கருவியின் அமைப்பை அறிந்துகொண்டால் அவ்விடைகளை நாமே காணலாம். கிராமந்தோறும் சென்று மக்களின் விவரங்களைப் பதிவு செய்யும் கள ஊழியர்களுக்கும் இவை பயன்படும்.

1. விசையின் உள்ளமைப்பு

மலிவான விசைப்பலகைகளில் விசைகளின் அடியில் ரப்பர் குமிழ்கள் உள்ளன. விசையை அடிவரை அழுத்தினாலன்றி மின்தொடர்பு உண்டாகாது. நாளடைவில் ரப்பர் தளர்ந்து, அழுத்தும் உணர்ச்சியும் மங்கிவிடுகிறது.

இயந்திர விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு ஸ்விட்ச் உண்டு. அதனுள் ஒரு தண்டும், ஒரு சுருள்வில்லும், இரு உலோகத் தகடுகளும் அமைந்துள்ளன. தண்டு கீழிறங்கும்போது பாதி வழியிலேயே தகடுகள் தொட்டுக்கொள்கின்றன. ஜெர்மானிய நிறுவனமான செர்ரியின் எம்.எக்ஸ். வகையே இன்று பரவலாகப் பின்பற்றப்படும் மாதிரி. அதன் சிவப்பு ஸ்விட்சில் தண்டின் மொத்த நகர்வு 4 மி.மீ.; தொடர்பு உண்டாவதோ 2 மி.மீ. ஆழத்தில். ஆகவே, பழகிய விரல் விசையை அடிவரை மோதாமலே எழுத்தைப் பதிக்க முடியும். இயந்திரப் பலகையின் முதன்மையான நன்மை இதுவே.

ஸ்விட்சுகள் மூவகைப்படும். முதல் வகை தடையின்றி நேராக இறங்குவது, வழக்கில் சிவப்பு. இரண்டாவது, தொடர்பு உண்டாகுமிடத்தில் விரலுக்குச் சிறு மேடு போலத் தட்டுப்படுவது, வழக்கில் பழுப்பு. மூன்றாவது, மேட்டுடன் 'கிளிக்' என்னும் ஓசையும் எழுப்புவது, வழக்கில் நீலம். செர்ரி அளவுகளின்படி இவற்றை அழுத்துவதற்கு முறையே ஏறத்தாழ 45, 55, 60 செண்டிநியூட்டன் பாரம் வேண்டும். ஒரு செண்டிநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிராம் எடைக்குச் சமம். பிற நிறுவனங்கள் நிறங்களுக்கு வேறு பொருள் கொள்வதும் உண்டாதலால், நிறத்தை மட்டும் நம்பாது அளவைக் கேட்டறிதல் நலம்.

2. அழுத்து பாரத்தை அளத்தல்

இதனை வகுப்பறையிலேயே சோதித்துக் காட்டலாம். ஒரே வகையான இருபது நாணயங்களைத் தராசில் நிறுத்து, ஒரு நாணயத்தின் எடையைக் கணக்கிடுக. எழுத்துவிசை ஒன்றின்மேல் சிறிய அழிப்பான் துண்டை நிறுத்தி, அதன்மேல் புட்டி மூடி ஒன்றை வைக்க. அண்டை விசைகளை மூடி தொடலாகாது. நாணயங்களை ஒவ்வொன்றாக மூடியில் இட்டுவர, ஒரு கட்டத்தில் திரையில் எழுத்து தோன்றும். அழிப்பான், மூடி, நாணயங்கள் ஆகியவற்றின் மொத்த எடையே அவ்விசையின் அழுத்து பாரம்.

இவ்வளவு சிறிய வேறுபாட்டை அளப்பானேன் என்று மாணவர் வினவலாம். நிமிடத்திற்கு 40 சொற்கள் அடிப்பவர், சொல்லுக்கு 5 எழுத்தாக, 200 முறை விசையை அழுத்துகிறார். நாளில் 4 மணி நேரம் தட்டெழுதினால் 48,000 முறையாகிறது. ஒவ்வொரு முறையும் 15 கிராம் மிகுதி என்றால், மாலையில் விரல்களே அவ்வேறுபாட்டைச் சொல்லும். எனினும், மிக மெல்லிய விசையும் தீதே. விரலை மேலே வைத்தவுடன் வேண்டாத எழுத்து பதிந்துவிடும். பாரம் எதுவாயினும், மணிக்கட்டு மேல்நோக்கி வளையாதபடி பலகை தாழ்வாக இருத்தல் வேண்டும். இயந்திரப் பலகைகள் பெரும்பாலும் தடித்தவை. ஆதலால் மணிக்கட்டின் நிலையைக் கடையிலேயே சோதித்துப் பார்க்க.

பலர் அமர்ந்து பணிபுரியும் அறைக்கும், குழந்தைகள் உறங்கும் வீட்டிற்கும் நீல வகை ஏற்றதன்று. அதன் ஓசை அடிப்பவருக்கு இன்பம், அருகிலிருப்பவருக்குத் தொல்லை.

3. பல விசைகளை ஒருங்கே அழுத்துதல்

104 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இடுவதாயின் 104 கம்பிகள் தேவை. அவற்றை 8 நிரைகளும் 13 நிரல்களுமாக அமைத்தால் 21 கம்பிகளே போதும். இச்சிக்கனத்தில் ஓர் இடர் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை ஒருங்கே அழுத்தினால், மின்னோட்டம் சுற்றிச் சென்று, அழுத்தப்படாத நான்காம் மூலையும் அழுத்தப்பட்டதுபோல் தோன்றும். இதைத் தடுக்க நல்ல பலகைகளில் விசைதோறும் ஒரு டையோடு வைக்கப்படுகிறது. மலிவானவற்றில் டையோடு இன்மையால், மூன்றாவது விசையையே ஏற்காமல் விட்டுவிடுவார்கள்.

வினாத்தாள் எழுதும் தாய்க்கு இக்குறை அநேகமாகத் தெரியாது. ஓடிக்கொண்டே குனிந்து திரும்ப வேண்டிய ஆட்டத்தில் மகனுக்கு உடனே தெரியும். சோதனை எளிது. இரு 'ஷிப்ட்' விசைகளையும் அழுத்திக்கொண்டு, ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறையும் வரிசையாக அடிக்க. ஏதேனும் எழுத்து விடுபட்டால் அப்பலகை விளையாட்டிற்கு ஏற்றதன்று.

4. கம்பியில்லா இணைப்பின் இரு வழிகள்

கம்பியில்லா விசைப்பலகைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் இயங்குகின்றன. குறைந்த ஆற்றலுடைய கருவிகள் இப்பட்டையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டின் விதிகள் இந்தியாவில் இடமளித்தன. வைஃபையும் இப்பட்டையைப் பயன்படுத்துவதால் இங்கு நெரிசல் மிகுதி.

இணைப்பில் இரு வழிகள் உள்ளன. ஒன்று ப்ளூடூத். இது கணினியிலும் கைப்பேசியிலும் முன்பே அமைந்திருப்பதால் தனி ஏற்பி வேண்டா. ஒரே பலகையை இரண்டு மூன்று சாதனங்களுக்கு மாற்றி மாற்றி இணைக்கலாம். மற்றொன்று, 'டாங்கிள்' எனப்படும் சிறு ஏற்பியைக் கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகும் முறை.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு தாமதத்தில் புலப்படும். ப்ளூடூத்தின் குறைந்த மின்செலவு முறையில் இரு செய்திகளுக்கு இடைப்பட்ட காலம் பொதுவாக 7.5 மில்லிசெகண்டுக்குக் குறைவதில்லை. மின்சாரத்தைச் சேமிக்கும்பொருட்டு இது நீட்டிக்கப்படுவதும் உண்டு. டாங்கிள் முறையிலோ, விநாடிக்கு 1,000 முறை செய்தி அனுப்பும் பலகையில் அவ்விடைவெளி 1 மில்லிசெகண்டுதான். விநாடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் ஒரு படம் நிற்கும் காலம் 16.7 மில்லிசெகண்டு என்பதை ஒப்பிட்டுப் பார்க்க. தட்டெழுதுவோருக்கும் சதுரங்கம் ஆடுவோருக்கும் ப்ளூடூத் போதும். விரைவான ஆட்டங்களுக்கு டாங்கிள் நன்று. விநாடிக்கு 8,000 முறை என்று விளம்பரம் செய்யப்படும் பலகைக்கு மிகுதி விலை தரவேண்டுமா? 1 மில்லிசெகண்டு 0.125 ஆகக் குறைகிறது, அவ்வளவே. ஸ்விட்சின் தகடுகள் தொடும்போது உண்டாகும் துள்ளல் அடங்குவதற்கே சில மில்லிசெகண்டு ஆகலாம். ஆகையால் அச்செலவு இல்லத்திற்கு வேண்டாதது.

எழுத்துக்கள் இடையிடையே விடுபட்டால் பலகையைக் குறைகூறுமுன் டாங்கிளின் இடத்தைப் பார்க்க. யு.எஸ்.பி. 3.0 துளைகளிலிருந்து எழும் மின் இரைச்சல் இதே அலைப்பட்டையில் குறுக்கிடுவதை இன்டெல் நிறுவனம் 2012-இல் விளக்கியுள்ளது. டாங்கிளைப் பழைய யு.எஸ்.பி. 2.0 துளைக்கு மாற்றினாலோ, நீட்டிப்புக் கம்பியால் மேசைமேல் கொண்டுவந்தாலோ பெரும்பாலும் குறை தீரும்.

5. வினாத்தாளின் இரகசியம்

கம்பியில்லாப் பலகையில் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் வானலையாக வெளியே செல்கிறது. சுவர் அதை முற்றிலும் தடுப்பதில்லை. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவன ஆராய்ச்சியாளர்கள், எட்டு நிறுவனங்களின் மலிவுப் பலகைகள் எழுத்துக்களை மறையாக்கமே செய்யாமல் அனுப்புவதைக் கண்டறிந்தனர். ஏறத்தாழ 75 மீட்டர் தொலைவிலிருந்தும் அவற்றைப் படிக்க இயன்றது. வினாத்தாளாயினும், பயனாளியின் ஆதார் எண்ணாயினும், வங்கிக் கடவுச்சொல்லாயினும் அயலார் கைக்குப் போகக்கூடும் என்பது இதன் பொருள்.

ஆதலால், டாங்கிள் இணைப்பில் 'ஏ.இ.எஸ்.' மறையாக்கம் உள்ளது என்று உறையிலோ கையேட்டிலோ எழுதியிருக்கிறதா எனப் பார்க்க. ப்ளூடூத்தில் மறையாக்கம் உண்டெனினும், 2023-இல் அதிலும் ஒரு குறை வெளிப்பட்டது. அயலார் தம் கருவியை விசைப்பலகைபோல் இணைத்து எழுத்துக்களைப் புகுத்த அது வழிசெய்தது. கணினிக்கும் கைப்பேசிக்கும் வரும் திருத்தங்களைத் தவறாமல் ஏற்பதே அதற்குப் பரிகாரம். யாவற்றினும் உறுதியான காப்பு ஒன்று உண்டு: இரகசியமானதை எழுதும்போது வானொலியை அணைத்துவிட்டுக் கம்பியால் இணைத்து எழுதுவதே அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில பலகைகளிலுள்ள துளை மின்னேற்றத்திற்கு மட்டுமே. செய்தியை அது கடத்தாது. கடையில் கம்பியில்லா இணைப்பை நிறுத்தி, கம்பியைச் செருகி அடித்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

6. எது முதலில் தேயும்?

ஸ்விட்சுகள் 5 கோடி அழுத்தங்களைத் தாங்கும் என்பது போன்ற வாக்குறுதிகளைக் காண்கிறோம். மேற்கூறிய 48,000 அழுத்தங்களில் ஆறில் ஒரு பங்கு இடைவெளி விசைக்குரியது என்று கொண்டால், நாளொன்றுக்கு 8,000. ஆண்டிற்கு 300 நாட்களில் 24 லட்சம். 5 கோடியை எட்ட 20 ஆண்டுகள் கடக்க வேண்டும். லிதியம் மின்கலமோ சில நூறு முறை ஏற்றி இறக்கியதுமே கொள்ளளவில் குறையத் தொடங்குகிறது. ஆகவே முதலில் தேய்வது விசையன்று, மின்கலமே. மின்கலம் ஓய்ந்த பின்னரும் கம்பியால் இயங்கும் பலகை பயன்படும். இயங்காதது குப்பைக்குப் போகும்.

வண்ண விளக்குகள் மின்கலத்தை விரைவில் வற்றச் செய்கின்றன. 4,000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்திலிருந்து, கணக்கிற்காக, விளக்குடன் 100 மில்லியாம்பியரும் விளக்கின்றி 10 மில்லியாம்பியரும் செலவாவதாகக் கொண்டால், முறையே 40 மணியும் 400 மணியும் உழைக்கும். மின்கலம் உப்பியிருக்கக் கண்டால் உடனே பயன்பாட்டை நிறுத்துதல் வேண்டும். ஸ்விட்சுகளைப் பற்றுவைப்பின்றிப் பிடுங்கி மாற்றத்தக்க அமைப்பு இருப்பின், பழுதுற்ற ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

7. அளவும் தமிழ் எழுத்தும்

முழுப் பலகையில் 104 விசைகளும், எண்தொகுதி நீங்கியதில் 87 விசைகளும், மிகச் சிறியதில் 61 விசைகளும் இருப்பது வழக்கம். மதிப்பெண்களையும் கணக்குகளையும் நிரப்புவோருக்கு எண்தொகுதி அவசியம். மற்றவர்களுக்கு 87 விசைகள் போதும். சுட்டியை நகர்த்தவும் இடம் கிடைக்கும். 61 விசைகளில் அம்புக்குறி விசைகள்கூடத் தனியே இரா. கட்டுரையைத் திருத்துவோருக்கு அது துன்பம்.

தமிழ் எழுத்து பொறிக்கப்பட்ட பலகையைத் தேடி அலைய வேண்டுவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே பலகை தெரிவிக்கிறது. அதை எழுத்தாக்குவது கணினியிலுள்ள மென்பொருள். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற 'தமிழ் 99' முறையாயினும், மத்திய அரசின் 'இன்ஸ்கிரிப்ட்' முறையாயினும் எந்தப் பலகையிலும் இயங்கும்.

இறுதியாக, கம்பியில்லா விசைப்பலகை 2012-ஆம் ஆண்டின் ஆணைப்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்தப்பட்ட பொருள்களில் ஒன்று. 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணைப் பலகையிலோ உறையிலோ பார்த்து வாங்குக.

முடிவு

ஆசிரியை நான்கு மணி நேரம் எழுதுகிறார். மகன் ஒரு மணி நேரம் ஆடுகிறான். ஆகவே அழுத்து பாரத்தையும் ஓசையையும் தாயின் விரல்களைக் கொண்டும், இணைப்பின் வேகத்தையும் டையோடு அமைப்பையும் மகனின் ஆட்டத்தைக் கொண்டும் தீர்மானித்தல் முறை. 87 விசைகள், சிவப்பு அல்லது பழுப்பு ஸ்விட்ச், ப்ளூடூத், மறையாக்கமுள்ள டாங்கிள், கம்பி என்னும் மூன்று இணைப்புகள் ஆகியவை அமைந்த பலகை இருவருக்கும் பொருந்தும். ஒற்றை நிற விளக்கோ, விளக்கே இல்லாததோ போதுமானது. கம்பியில்லாப் பலகை வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது கம்பியாலும் இயங்குமா என்பதே. அவ்வினாவுக்கு 'ஆம்' என்னும் விடை கிடைத்தால் வினாத்தாளும் காக்கப்படும். கொடுத்த பணமும் வீணாகாது.

பயிற்சி வினாக்கள்

1. நிமிடத்திற்கு 30 சொற்கள் வீதம் 3 மணி நேரம் தட்டெழுதுபவர் விசைகளை எத்தனை முறை அழுத்துகிறார்?

2. 10 நிரைகளும் 11 நிரல்களும் கொண்ட அமைப்பில் எத்தனை விசைகளை இணைக்கலாம்? அதற்கு எத்தனை கம்பிகள் வேண்டும்?

3. உங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள இரண்டு விசைப்பலகைகளின் அழுத்து பாரத்தை நாணயங்களைக் கொண்டு அளந்து ஒப்பிடுக.