கதிர்வீச்சும் குடலும்

சென்ற ஆண்டு என் பெரியம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடைபெற்றது. வாரத்திற்கு 5 நாள் வீதம் 5 வாரம். மொத்தம் 45 கிரே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே ஆகையால் துணைக்கு நானே சென்றேன். இரண்டு வாரம் ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாம் வாரம் ஒரே நாளில் ஏழெட்டு முறை வயிற்றுப்போக்கு. “போதும்ப்பா, ஊருக்குப் போயிடலாம்” என்றார். அதே நாளில் சிகிச்சை தொடங்கிய இன்னொரு அம்மையாரோ நன்றாகவே இருந்தார். யாருக்கு இத்துன்பம் வரும் என்று முன்னரே அறிய இயலாதா?

சிறுகுடலின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் கண்ட விலங்கியல் நண்பர்கள் குடலுறிஞ்சிகளை மறந்திருக்க மாட்டார்கள். அவற்றைப் போர்த்தியுள்ள செல்கள் 3 முதல் 5 நாட்களுக்குள் உதிர்ந்துவிடும். அடியிலுள்ள குழிகளில் புதியவை பிறந்து மேலேறும். விரைந்து பிரியும் செல்களையே கதிர் மிகுதியாகத் தாக்கும் என்பது 1906-இல் பிரான்சில் பெர்கோனியேயும் திரிபோந்தோவும் கண்ட உண்மை. குழிச் செல்கள் நாள்தோறும் அடிபட, உதிர்ந்ததை ஈடுசெய்ய ஆளில்லை. தொல்லை இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டுவது இதனால்தான்.

எவ்வளவு குடல் கதிரின் பாதையில் கிடக்கிறது என்பதே முதற்கேள்வி. சிகிச்சைக்கு முன் எடுக்கும் சி.டி. படத்தில் இதை அளக்கலாம். 15 கிரேயோ அதற்கு மேலோ பெறும் சிறுகுடல் 120 கன சென்டிமீட்டரைத் தாண்டினால் கடும் தொல்லைக்கு வாய்ப்பு மிகும் என்று 2010-இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. முன்பு வயிற்றில் அறுவை நடந்திருந்தால் குடல் இடுப்புக்குழியில் ஒட்டி நகராமல் கிடக்கும். பெரியம்மாவுக்கு அப்படி ஓர் அறுவை நடந்ததுண்டு. உடன் செலுத்தும் சிஸ்பிளாட்டின் மருந்தும் தொல்லையைக் கூட்டும். ஆயினும் இது கணக்கே, சோதிடமன்று. ஒரே அளவுள்ள இருவர் ஒரேபோல் துன்புறுவதில்லை. குடல்வாழ் நுண்ணுயிர்களும் காரணமோ என இப்போது ஆராய்கிறார்கள்.

தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிக் கதிரிலிருந்து விலக்கும். பெரியம்மா குடிக்கவேயில்லை. பேருந்தில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற கூச்சம்! காரணத்தை நானாவது கேட்டுச் சொல்லியிருக்கலாம், கேட்கவில்லை.

வெளிக்கதிர், உட்கதிர் இரண்டும் சேர்ந்து 8 வாரத்திற்குள் முடிய வேண்டும். நீண்டால் குணமாகும் வாய்ப்புக் குறையும். மருத்துவர் இதை விளக்கி, மாத்திரையும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தந்தபின் பெரியம்மா ஊருக்குப் போகும் பேச்சை விட்டார். கடைசி இரு வாரமும் மருத்துவமனையை அடைந்த பிறகு செம்பில் நீர் ஊற்றித் தருவது என் வேலையாயிற்று.