மூட்டுவலியின் சுமையும் முதல் சந்திப்பும்: இளம் மருத்துவர் ஒருவருக்கு



புறநோயாளர் பிரிவில் பொறுப்பேற்கும் எவரும் நாள்தோறும் கேட்கப்போகும் முறையீடு முழங்கால் வலி. ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ் எனப்படும் மூட்டுத் தேய்மான நோய், எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பை நைவிப்பதோடு நில்லாமல், அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உட்சவ்வு, சுற்றியுள்ள தசை என மூட்டு முழுவதையும் பாதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் 52.8 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்ந்தனர். இது 1990-இல் இருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்கும் வலியே நாட்பட்ட வலி எனப்படுகிறது. அதன் சுமையில் பெரும்பகுதி முழங்காலின் பெயரில் பதிவாவதே இல்லை என்பதை இளம் மருத்துவர் முதலில் உணர வேண்டும். வலி தாளாமல் மருந்துக்கடையில் சீட்டின்றி டைக்ளோஃபினாக் போன்ற அழற்சி நீக்கி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் வாங்கி விழுங்கும் பெண்ணுக்கு வயிற்றுப்புண்ணோ, இரத்த அழுத்த உயர்வோ, சிறுநீரகப் பாதிப்போ வரும்போது, அச்செலவு வேறொரு நோயின் கணக்கில் ஏறுகிறது. வலிக்கு அஞ்சி நடப்பதைக் குறைத்தவரின் சர்க்கரை கூடுவதும், தூக்கம் கெட்டவரின் மனம் சோர்வதும், துணைக்கு வரும் மகளின் ஒருநாள் கூலி போவதும் அவ்வாறே மறைந்துவிடுகின்றன. ஆகவே எந்த மாத்திரை, எத்தனை நாளாக, யார் சொல்லி என்ற கேள்வியை ஒருபோதும் தவறவிடலாகாது.

மருத்துவமே ஏற்றிவைக்கும் சுமையும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் தெரியும் தேய்மானத்தின் அளவும் நோயாளி உணரும் வலியின் அளவும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. 45 வயதைக் கடந்தவருக்கு இயங்கும்போது வலித்து, காலை விறைப்பு இல்லாமலோ அரை மணி நேரத்துக்குள் தணிந்தோ இருந்தால், படமின்றியே நோயைக் கணிக்கலாம் என இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. காய்ச்சல், திடீர் வீக்கம், அடிபட்ட வரலாறு ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் சோதனைகள் இன்றியமையாதவை. 2002-இல் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் நடந்த ஆய்வில், மூட்டினுள் கருவியைச் செலுத்திக் கழுவியும் சீர்செய்தும் விடப்பட்டவர்கள், ஒப்பீட்டுக்காகத் தோலில் மட்டும் கீறப்பட்டவர்களைவிட இரண்டு ஆண்டுகளில் எவ்வகையிலும் மேலான நிலையை அடையவில்லை. செய்ய முடிந்ததெல்லாம் செய்யத் தக்கதாகிவிடாது என்பதற்கு இது போதிய சான்று.

இந்நோய்க்கு முதல் மருத்துவம் உடற்பயிற்சியும், தேவையுள்ளோருக்கு எடைக்குறைப்பும், நோயைப் பற்றிய தெளிவான விளக்கமுமே. டென்மார்க்கில் இந்நோயாளர்களுக்காக 2013-இல் தொடங்கிய கிளாட் திட்டம், விளக்க வகுப்புகளோடு 12 பயிற்சி அமர்வுகளையும் இணைத்தே வடிவமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே செல்வதால், அவர்களோடு கைகோப்பது இங்கு எளிது. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நீட்டி, தொடையின் முன்தசை இறுகுவதைக் கையால் தொட்டுணர்ந்து, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி மெல்ல இறக்கும் பயிற்சியை, நோயாளி தம் கண்முன்னே ஒருமுறை செய்து முடிக்கும்வரை மருத்துவர் பொறுமையோடு உடனிருக்க வேண்டும். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடினால் மூட்டு கெட்டுவிட்டதென்று பொருளில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிடில் மூன்றாம் நாளே பயிற்சி நின்றுபோகும்.

இவற்றையெல்லாம் முறையாகச் செய்தும் அன்றாட வாழ்வு முடங்கிக் கிடப்பவருக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை பெரும் விடுதலை அளிக்கிறது. அதைக் காலந்தாழ்த்துவதும் சுமையே. 2017-இல் இந்திய அரசு செயற்கை முழங்காலின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது அவ்வழியைச் சற்று அகலப்படுத்தியது. எனினும் அறுவைக்குப் பின்னும் சிலருக்கு வலி தொடரக்கூடும் என்பதை ஒப்புதல் பெறும் முன்பே விளக்குவது மருத்துவரின் கடமை.

மாத்திரையின் பெயரை எழுதும் அதே கவனத்தோடு பயிற்சியின் பெயரையும் எண்ணிக்கையையும் சீட்டில் எழுதி, மறுமுறை வரும்போது முதலில் அதைப் பற்றியே விசாரிக்கும் மருத்துவர், ஒரு முழங்காலின் வலியை மட்டுமன்றி, அதைப் பின்தொடர்ந்து வரவிருக்கும் பல நோய்களையும் தடுக்கிறார். அப்பழக்கம் பணியின் முதல் நாளிலேயே அமையட்டும்.


மூத்த மருத்துவர் ஒருவர்