கைப்பொருளும் பிறர்பொருளும்: அயர்லாந்து நாட்டுச் சிறு இணைய வணிகம்

வாணிகஞ் செய்ய விழைவோனுக்கு முதலும் கடையும் வாடிக்கையாளரும் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. இணையம் வந்தபின் இம்மூன்றனுள் கடை வேண்டாதாயிற்று. முதலும் சிறிது போதுமென்றாயிற்று. வாடிக்கையாளரோ உலகெங்கும் உளராயினர். ஆகவே, ஒரு கணினியும் ஒரு மேசையும் உடையான் எவனும் வணிகனாகலாம் என்னும் எண்ணம் இளைஞரிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பாதி உண்மை. மற்றைப் பாதியை அறியாது இத்துறையில் இறங்குவோர் பணத்தோடு நற்பெயரையும், சிலவேளை குடியிருக்கும் வீட்டையும் இழப்பர். அம்மற்றைப் பாதியை விளங்கிக்கொள்ளுதற்கு அயர்லாந்து தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை, 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 51 இலட்சம். உள்நாட்டுச் சந்தை சிறிதாகலின், அந்நாட்டு வணிகன் கடல் கடந்தே வாடிக்கையாளரைத் தேடவேண்டியவனாகின்றான். 1973 இல் ஐரோப்பியப் பொருளாதாரக் குடும்பத்தில் அந்நாடு சேர்ந்தது. இன்று 27 நாடுகள் அடங்கிய ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதற்குத் திறந்த சந்தையாயுள்ளது. டப்ளின் நகரிலே மாடமாளிகைகள் அமைத்திருக்கும் பன்னாட்டுப் பெருநிறுவனங்களைப் பற்றி ஈண்டு யாம் பேசவில்லை. வீட்டின் ஓர் அறையிலே தொழில் நடத்தும் சிறு முயற்சியாளனே நம் ஆய்வுக்குரியவன்.

அவன் முதலிற் கற்கவேண்டிய பாடம் ஒன்றே: கைக்கு வந்தது யாவும் தனதன்று. வணிகனுக்குரிய நெறியைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வையாது, அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்திலே வைத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. தன் பொருள் எது, பிறர் பொருள் எது என்று பிரித்தறிதல் அறம் மட்டுமன்று. தொழில் நிலைபெறுதற்குரிய வழியும் அதுவே. இதனை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, தொழிலின் வடிவம். அயர்லாந்தில் தொழில் தொடங்குவோன் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றைத் தெரிகின்றான். ஒன்று தனிவியாபாரம். வரித் திணைக்களத்திலே சுயதொழில் புரிவோனாகப் பதிந்துகொண்டு தொடங்கிவிடலாம். தன் சொந்தப் பெயரன்றி வேறு பெயரில் வாணிகஞ் செய்வானாயின், 1963 ஆம் ஆண்டு வணிகப் பெயர்ப் பதிவுச் சட்டத்தின்படி அப்பெயரைக் கம்பனிப் பதிவகத்திலே பதிதல் வேண்டும். இவ்வழி எளிது, செலவும் குறைவு. ஆயினும் வணிகனும் வணிகமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒருவரே. தொழில் பட்ட கடனுக்கு அவன் வீடும் பொறுப்பாகும்.

மற்றையது வரையறுத்த பொறுப்புடைய கம்பனி. 2014 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின்படி இதற்குப் பணிப்பாளர் ஒருவரே போதும்; எனினும், அவ்வாறாயின் செயலாளர் வேறொருவராதல் வேண்டும். கம்பனி தனித்ததொரு சட்ட ஆளாகலின், தானே பிணை நின்றாலன்றி அதன் கடன் பொதுவாக உடையவனின் வீட்டைத் தொடாது. இக்காப்புக்கு விலையும் உண்டு. ஆண்டுதோறும் கணக்கோடு கூடிய அறிக்கை பதிவகத்துக்குச் செல்லுதல் வேண்டும். தவணை தப்பினால் 100 யூரோ தண்டமும், அதன்மேல் நாளொன்றுக்கு 3 யூரோவுமாக 1,200 யூரோ வரை ஏறும். அன்றியும், கம்பனியின் பணம் கம்பனிக்கே உரியது. பங்குகள் யாவும் ஒருவனிடமே இருப்பினும், கம்பனியின் வங்கிக் கணக்கைத் தன் மடிச்சீலையாகக் கருதுதல் கூடாது.

இரண்டாவது, பெயர். இணைய வணிகனுக்குக் கடைவாசற் பலகைபோல் அமைவது அவனது தளப்பெயர். அயர்லாந்துக்குரிய 'டொட் ஐஈ' என்னும் ஈறு 1988 இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறுப்பிலே தொடங்கியது. நெடுங்காலமாக, பெயர் வேண்டுவோர் அத்தீவோடு தமக்குள்ள தொடர்பையும், கேட்கும் பெயருக்குத் தமக்குள்ள உரித்தையும் காட்டவேண்டியிருந்தது. 2018 மார்ச்சு மாதம் முதல் தொடர்பு ஒன்றே போதும். முந்திக் கேட்டவர்க்கே பெயர். வணிகப் பெயரைப் பதிந்தமையால் அதே தளப்பெயர் தானே வந்து சேராது. பெற்றபின்னும் அது குத்தகை நிலம் போன்றதே. புதுப்பிக்கத் தவறினால் பிறர் கைக்குப் போகும். பல்லாண்டு தேடிய பெயரும் உடன் போகும்.

பெயரைத் தாமதித்துத் தேடுவதன் விலை என்னவென்பதைக் கோர்க் நகரத்து வரலாறொன்று காட்டும். பீற்றர் கொப்பிஞ்சர், டான் மக்கி என்னும் இருவர் 2007 இல் தொடங்கிய 'டீம்வேர்க்' நிறுவனம், தனக்குப் பொருத்தமான 'டொட் கொம்' பெயர் முன்னரே வேறொருவர் கையில் இருந்தமையால், அதனை 675,000 அமெரிக்க டொலர் கொடுத்து வாங்க நேர்ந்தது. வளர்ந்த நிறுவனம் அவ்விலையைத் தாங்கியது. வளருமுன் நிற்கும் சிறு வணிகன் தாங்குவானோ?

மூன்றாவது, வரி. இதுவே பலர் இடறும் படி. ஓராண்டில் பொருள் விற்பனை 85,000 யூரோவையும், சேவை விற்பனை 42,500 யூரோவையும் கடந்தால், பெறுமதி சேர் வரிக்குப் பதிதல் வேண்டுமென்பது 2025 சனவரி முதல் வந்த விதி. பொது வரிவீதம் நூற்றுக்கு 23. ஒரு கணக்கினால் இதனை விளக்குவோம்.

கால்வே நகரிலிருந்து கம்பளிச் சட்டை விற்கும் வணிகன் ஒருவனைக் கற்பனை செய்க. அவன் வரிக்குப் பதிந்தவன். சட்டையொன்றை வரியுட்பட 123 யூரோவுக்கு விற்கின்றான். அதில் 23 யூரோ அரசினுடையது. எஞ்சிய நூற்றில், நெய்தவர்க்கு 60, அஞ்சற் செலவுக்கு 9, அட்டை மூலம் பணம் பெற்றுத்தரும் நிறுவனத்துக்கு 3 என்று வைத்துக்கொண்டால் மிகுதி 28. விளம்பரம், தளவாடகை, கணக்காளர் கட்டணம் ஆகியன அந்த 28 யூரோவிலிருந்தே போதல் வேண்டும். ஆயினும் அவன் வங்கிக் கணக்கில் தோன்றுவது 120 யூரோ. வரிப்பணம் வழக்கமாக இரு மாதத்துக்கு ஒருமுறையே செலுத்தப்படுதலால், அதுவரை அது அவன் பணம்போலவே அங்குத் தங்கியிருக்கும். அதனை எடுத்துப் புதிய சரக்கு வாங்குவோன், கடன் என்று அறியாமலே கடன்படுகின்றான்.

வாங்குவோன் வேறு நாட்டவனாயின் கணக்கு மாறும். 2021 யூலை 1 முதல் உள்ள விதிப்படி, ஒன்றியத்தின் ஏனைய நாட்டு நுகர்வோர்க்கு விற்கும் தொகை ஆண்டுக்கு மொத்தம் 10,000 யூரோவைக் கடந்தால், வாங்குவோன் நாட்டு வரிவீதமே செல்லும். ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி பதியாது, தன் நாட்டிலேயே ஒருமுறை பதிந்து, காலாண்டுக்கு ஒருமுறை எல்லா நாட்டு வரியையும் ஒருங்கே செலுத்தும் வசதி உண்டு. எனினும் விலை நிர்ணயிக்கும்போது வேற்றுமையை மறத்தலாகாது. அதே 123 யூரோவில், வரிவீதம் 19 ஆகிய ஜேர்மனியிலிருந்து வரியொழிய அவனுக்குக் கிடைப்பது 103.36 யூரோ, வீதம் 27 ஆகிய ஹங்கேரியிலிருந்து கிடைப்பது 96.85 யூரோ. ஒரே சட்டை, ஒரே விலை. ஆயினும் வரவு வேறு.

அண்டை நாடாகிய பிரித்தானியா, 2021 சனவரி முதல் ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே நிற்கின்றது. 135 பவுணுக்கு மேற்படாத பொதியை அங்குள்ள நுகர்வோர்க்குத் தன் தளத்திலிருந்து நேரே விற்கும் அயர்லாந்து வணிகன், அந்நாட்டு வரியையும் தானே அறவிட்டு அந்நாட்டுக்கே செலுத்தவேண்டியவனாகின்றான். சுங்கப் பத்திரமும் உடன் செல்லவேண்டும். வட அயர்லாந்துக்கோ, பொருள் விற்பனையில் ஒன்றிய விதிகளே தொடர்கின்றன.

இனி வருமான வரியைக் காண்போம். தனிவியாபாரி ஒருவன் 2025 இல் தொழில் தொடங்கினான் என்க. அவ்வாண்டு இலாபத்துக்குரிய வரியை அவன் 2026 ஒக்டோபர் 31 இல் செலுத்துவான். இணையவழி செலுத்துவோர்க்குச் சில நாள் கூடுதலாக உண்டு. அன்றே நடப்பாண்டாகிய 2026 க்கு முற்கூட்டிய வரியும் செலுத்துதல் வேண்டும். முதலாண்டில் முற்கூட்டிய வரி பொதுவாக இல்லாமையால், அவன் கவலையற்று இருந்திருப்பான். முதலாண்டு வரி 4,000 யூரோ ஆகி, முற்கூட்டிய வரியையும் அதே அளவிற் செலுத்துவானாயின், ஒரே நாளில் 8,000 யூரோ எடுத்து வைக்கவேண்டும். ஆகவே, ஒவ்வொரு விற்பனையிலும் வரிக்குரிய பங்கைப் பிறிதொரு வங்கிக் கணக்கிலே அன்றன்றே ஒதுக்கிவைப்பதே அறிவுடைமை.

நான்காவது, வாடிக்கையாளரின் பணம். 2022 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, இணையவழி பொருள் வாங்கியவர், அது கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் கூறாமலே அதனைத் திருப்பலாம். விற்றவன், அறிவித்தல் கிடைத்த 14 நாளுக்குள் பணத்தை மீளக் கொடுத்தல் வேண்டும். பொருளோ அனுப்பியமைக்குச் சான்றோ வரும்வரை மட்டுமே அதனை நிறுத்திவைக்கலாம். ஒருவர்க்கென அளவெடுத்துச் செய்த பொருள் போன்ற சிலவற்றுக்கு இவ்விதி விலக்குண்டு. இவ்வுரிமையை முன்னரே எடுத்துரையாத வணிகனுக்கு அக்காலம் மேலும் பன்னிரு மாதம் நீளும். மறைத்தவனுக்கு மறைப்பே தண்டமாதல் காண்க. எனவே, விற்றவுடன் இலாபம் எழுதுதல் தகாது. 14 நாள் கழியும்வரை அப்பணம் பாதி அவனுடையது, பாதி வாங்கியவருடையது எனலாம்.

ஐந்தாவது, வாடிக்கையாளரின் விபரம். பெயர், முகவரி, வாங்கிய பொருள் ஆகியன வணிகனின் கணினியில் இருப்பினும், அவற்றின்மேல் உரிமை வாடிக்கையாளர்க்கே உண்டு. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, சிறு வணிகனையும் பெருநிறுவனத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்தும். தம்மைப் பற்றி வைத்திருப்பது யாது என்று வாடிக்கையாளர் கேட்கலாம். தக்க காரணமிருப்பின் அழிக்கவும் கோரலாம். விபரம் களவுபோய் அவர்க்குத் தீங்கு நேரக்கூடுமாயின், அறிந்த 72 மணித்தியாலத்துள் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழுவுக்கு அறிவித்தல் வேண்டும். தேவையற்ற விபரத்தைச் சேர்க்காதவனுக்கு இழக்கவும் விபரம் இல்லை.

இவ்வளவும் கேட்டு, சிறியோன் தனியே இச்சுமையைத் தாங்குவதெங்ஙனம் என்று மாணவர் வினவலாம். அரசு துணைசெய்யாமலில்லை. 2014 முதல் நாடெங்கும் 31 உள்ளூர் முயற்சியாண்மை அலுவலகங்கள் பயிற்சியும் அறிவுரையும் சிறு நிதியும் வழங்கிவருகின்றன. அவ்வாண்டு தொடங்கிய இணைய வணிக உதவித்திட்டம், தளம் அமைக்கும் செலவிற் பாதியை 2,500 யூரோ வரை தந்தது; பின்னர் வேறொரு திட்டம் அதனிடத்தைப் பெற்றது. பாதியை அரசு தருமென்றால், மறுபாதியை வணிகன் தன் கையிலிருந்து இடவேண்டும் என்பது பொருள். ஈட்டும் ஆற்றலை எந்த உதவியும் தருவதில்லை.

வரி அரசுக்கும், விபரம் வாடிக்கையாளர்க்கும், பெயர் குத்தகைக்கும் உரியனவாயின், வணிகனுக்கென்று எஞ்சுவது யாது? மேலே கூறிய கோர்க் நகரத்து இருவரையே மீண்டும் நோக்குக. அவர்கள் முன்னர்ப் பிறர்க்கு வலைத்தளம் அமைத்துக் கொடுத்து வாழ்ந்த சிறு தொழிலர். ஒரே வேளையில் பல பணிகளை ஒழுங்குபடுத்தல் அரிதாயிருந்தமையால், தம் தேவைக்கெனவே ஒரு மென்பொருள் செய்தனர். அதே இடர் ஏனையோர்க்கும் உண்டெனக் கண்டு அதனை விற்கத் தொடங்கினர். அவர்களது உண்மையான முதல், தம் தொழிலைத் தாமே நுணுகி அறிந்த அறிவு. அவ்வறிவும், கணக்கிலே நேர்மையால் வரும் நம்பிக்கையுமே வணிகனுக்கு முற்றும் சொந்தமானவை.

மாணவர்காள்! எந்நாட்டிலிருந்து எப்பொருளை விற்கப் புகுந்தாலும், முதலில் ஒரு பேரேடு வாங்குங்கள். அதன் ஒரு பக்கத்தில் உமது பொருளையும், மறுபக்கத்தில் உமது கையிலிருக்கும் பிறர் பொருளையும் நாள்தோறும் எழுதுங்கள். இரண்டும் கலவாதவரை, கடை சிறிதாயினும் நிலைக்கும்.