நோன்பைத் திறப்பதா, துறப்பதா?

ரமழான் வந்துவிட்டால் இப்தார் அழைப்பிதழ்களும் வரத் தொடங்கும். ஒன்றில் "நோன்பு திறக்கும் நிகழ்வு" என்றிருக்கும், அடுத்ததில் "நோன்பு துறக்கும் நிகழ்வு" என்றிருக்கும். இரண்டும் ஒரே பேரீச்சம்பழத்துக்கும் கஞ்சிக்கும்தான் அழைக்கின்றன. பொருளோ ஒன்றல்ல. துறத்தல் என்றால் அடியோடு விட்டுவிடுதல். துறவியும் துறவறமும் அதில் பிறந்த சொற்கள். நாளை சஹர் செய்து மறுபடி பிடிக்கப்போகும் பர்ளான நோன்பை, இன்று மஃரிபுடன் துறந்துவிட்டேன் என்று சொல்லலாமா?

"துற" பேச்சு வழியாக நுழைந்தது என்றே நினைக்கிறேன். பிடி நம் வாயில் புடி ஆகிறது, பிள்ளை புள்ள ஆகிறது, திற தொற ஆகிறது. எழுத உட்காரும்போது தொறவைத் திருத்துகிறோம் என்று துற ஆக்கிவிடுகிறோம். இத்தனைக்கும் "கதவத் தொற" என்று சொல்பவர் யாரும் "கதவைத் துற" என்று எழுதுவதில்லை! இலக்கணமும் இங்கே காட்டிக்கொடுக்காது. திறந்தான், துறந்தான், திறப்பான், துறப்பான் என இரு வினைகளும் ஒரே அச்சில் நடக்கின்றன.

"நோன்பு என்ன பெட்டியா, திறப்பதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மலாய் மொழியில் இப்தாருக்குப் பெயர் "புக்கா புவாசா". புக்கா என்றால் திற, புவாசா என்றால் நோன்பு. உருதுவில் "ரோஸா கோல்னா" என்பார்கள். கோல்னா என்பதும் திறத்தலே. நோன்பை இடையில் கெடுத்துக்கொண்டால் உருதுக்காரர் "தோட்னா", அதாவது உடைத்தல் என்பார். நாம் முறித்தல் என்கிறோம். ஆகவே திறத்தல் நம்முடைய தனிப் பிழையல்ல.

நோன்பு என்ற சொல் நம் மார்க்கம் இங்கு வருமுன்பே தமிழில் இருந்தது. அதன் வேர் "நோல்", பொறுத்தல். திருக்குறளில் தவம் என்ற அதிகாரத்தின் முதற்குறளிலேயே நோன்றல் என்ற சொல் அந்தப் பொருளில் வருகிறது. அரபியில் ஸவ்ம் என்றால் தன்னைத் தடுத்துக்கொள்ளுதல். ஜெர்மன் மொழியில் நோன்பு "ஃபாஸ்டன்". அது உறுதி என்று பொருள்படும் "ஃபெஸ்ட்" என்ற சொல்லுக்கு உறவு. உறுதியாகப் பற்றியிருத்தல் என்பதை நினைத்தால் நாம் "நோன்பு பிடித்தல்" என்பது எவ்வளவு பொருத்தம்!

அந்நாட்டு முஸ்லிம்கள் இப்தாரை "ஃபாஸ்டன்பிரெக்கன்" என்கிறார்கள், நேரே சொன்னால் நோன்பு முறித்தல். ஆலங்குடாவில் மஃரிப் நேரம் யாராவது "நோன்ப முறிச்சிட்டேன்" என்றால், உம்மம்மா "அப்போ கழாச் செய்யணுமே புள்ள" என்பார்.