சிறையா, சிகிச்சையா?



ஒரு வாலிபன் குற்றஞ்செய்து பிடிபட்டால், "வளர்ப்புச் சரியில்லை" என்று நாம் உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அவன் மனோவியாதியால் பீடிக்கப்பட்டிருக்கலாமே என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இல்லாத குரல்கள் காதில் கேட்பது, காரணமின்றிப் பிறரைச் சந்தேகிப்பது போன்ற கடும் நோய்க்குறிகள் பெரும்பாலும் வாலிபப் பருவத்தில்தான் முதலில் தலைகாட்டுகின்றன.

உறங்குபவர், பருவமடையாதவர், புத்தி சுவாதீனமற்றவர் ஆகிய மூவர்மீதும் குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆனால் மனோவியாதியுள்ள எல்லோரும் புத்தியை முழுதும் இழந்தவரல்லர். தவறென்று அறிந்தும், நோயின் வேகத்தால் தம்மை அடக்க இயலாதவரும் உண்டு. இவர்களை என்ன செய்வது?

சிங்கப்பூர்ச் சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்துள்ளது. அதுவே 2011ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டாய சிகிச்சை உத்தரவு. 16 வயது நிரம்பியவர்களுக்கு நீதிமன்றம் இதனை விதிக்கலாம். முதலில் மனநல டாக்டர் மூன்று விஷயங்களை உறுதிப்படுத்த வேண்டும்: சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய் இருக்கிறது, அவர் அச்சிகிச்சைக்கு ஏற்றவர், அந்நோய் குற்றத்துக்கு ஒரு காரணமாயிருந்தது. 24 மாதமாயிருந்த உச்ச காலம் 2018இல் 36 மாதமாக நீட்டப்பட்டது. எல்லாக் குற்றங்களுக்கும் இச்சலுகை கிடையாது. சிகிச்சைக்குப் போகத் தவறினால் நீதிமன்றம் உத்தரவை ரத்துச் செய்து, வேறு தண்டனை விதிக்கலாம்.

இங்கேதான் நம் பொறுப்பு வருகிறது. உத்தரவிடுவது நீதிபதி, மருந்து தருவது டாக்டர். ஆனால் குறித்த நாளில் பிள்ளையை அழைத்துச் செல்வதும், மருந்தை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதும் வீட்டார் அல்லவா? "ஜின் பிடித்திருக்கிறது" என்று ஓதிப் பார்த்துவிட்டு நின்றுவிடுவதும், மானம் போகுமென்று நோயை மறைப்பதும் பிள்ளைக்கே கேடு. துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம். வழக்கு வந்தால், முன்பிருந்த நோயையும் எடுத்த சிகிச்சையையும் வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்வோம்.

அப்பிள்ளை பள்ளிவாசலுக்கு வந்தால் ஸஃப்பில் நம் பக்கத்தில் இடம் கொடுப்போம். புறக்கணிக்கப்பட்டவன் திருந்துவது அரிது. அரவணைக்கப்பட்டவனுக்கு, இன்ஷா அல்லாஹ், வழி பிறக்கும்.