புரோலாக்டின் பாடமும் பிள்ளைப்பேற்று இடைவெளியும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் புரோலாக்டின் விரைவாகக் கடந்துபோகும் ஹார்மோன். தென்னேரியில் நான் அங்கே சற்று நிற்பேன். "பால் குடிக்கிற வரைக்கும் அடுத்தது தங்காது" என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எதிரே இருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு முழுப் பொய்யன்று. குழந்தை சப்பும்போது எழும் தூண்டல் ஹைப்போதலாமஸை எட்டி, அண்டம் முதிர்ந்து விடுபடுவதைத் தடுத்துவைக்கிறது. 1988இல் இத்தாலியின் பெலாஜியோவில் கூடிய வல்லுநர்கள் இதற்கு எல்லை வகுத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், ஏறக்குறைய முழுவதும் தாய்ப்பாலே உணவாக, தாய்க்கு மாதவிடாய் திரும்பாமல் இருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது.

பால் கொடுக்கும் இடைவெளியும் முக்கியம்: பகலில் 4 மணி நேரம், இரவில் 6 மணி நேரம் தாண்டக் கூடாது. வீட்டுத் தறியில் நெய்யும் தாய், பிள்ளை அழுதால் எழுந்து வரலாம். ஒரகடம் பக்கம் ஷிப்டுக்குப் போகும் தாயால் முடியாது. பாட்டியின் அனுபவம் பேத்திக்குப் பொருந்தாமல் போவது இங்கேதான். இதை மாணவர்கள் சட்டெனப் பிடித்துக்கொள்கிறார்கள். பால் கொடுக்காத தாய்க்கோ, நான்கு வாரத்திலேயே அண்டம் விடுபடக்கூடும்.

பிறகு கரும்பலகையில் 28 நாள் கோடு வரைந்து, பிரசவத்துக்குப் பின் முதலில் வருவது மாதவிடாயா, அண்டமா என்று கேட்பேன். பெரும்பாலோர் மாதவிடாய் என்பார்கள். 14ஆம் நாளைக் காட்டினால் போதும்: அண்டம் விடுபட்டுச் சுமார் இரண்டு வாரம் கழித்தே உதிரப்போக்கு. சிலருக்கு முதல் சுழற்சி அண்டமின்றியே வருவதுண்டு. அதை நம்பியிருக்க முடியாது. நம் ஊரில் "முழுகாமல் இருக்கிறாள்" என்றால் கர்ப்பம் என்று பொருள். கைக்குழந்தைக்காரி ஏற்கெனவே முழுகாமல் இருப்பவள்; அந்த அடையாளம் அவளுக்கு உதவாது. பேறுகாலச் சோகை தீருமுன் அடுத்த கரு வளர்ந்திருக்கும்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே 24 மாதமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் பொருத்தும் காப்பர்-டி, பால் கொடுப்பவர்களும் உண்ணத்தக்க சாயா மாத்திரை ஆகியவை அரசுத் திட்டத்தில் இலவசம். யாருக்கு எது என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லட்டும். அவரை வகுப்புக்கு அழைக்கலாம்.

மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு இப்பாடத்தை நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்கக் கூச்சப்படுவோருக்குப் பெயரில்லாச் சீட்டு உண்டு. "சிசேரியன் ஆனவர்களுக்கும் இப்படித்தானா?" என்று ஒரு சீட்டு வந்தால், ஆம் என்பதே பதில். அண்டகத்துக்குப் பிரசவ முறை ஒரு பொருட்டல்ல. கருப்பைத் தழும்பு ஆற வேண்டுமென்பதால் அவர்களுக்கு இடைவெளி இன்னும் அவசியம்.