நீரைத் தாங்கும் மரம்

நுழையும்முன்

வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டியைக் காண்பவரின் பார்வை மீன்களின் வண்ணத்திலும் அசைவிலும் தங்கிவிடுகிறது. அத்தொட்டியைச் சுமந்து நிற்கும் மரத்தாங்கியை நோக்குவோர் சிலரே. எளிய மேசையைப்போலத் தோன்றும் அத்தாங்கிக்குள் எடையின் கணக்கும், வடிவியலும், மரத்தைப் பற்றிய அறிவும், தச்சரின் கைத்திறனும் ஒன்றுகூடியுள்ளன. அவை ஒன்றுகூடும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

கண்ணாடிக்குள் ஒரு குளம்

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் தொன்மையானது. சீனர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குளங்களிலும் பீங்கான் கலங்களிலும் பொன்மீன்களை வளர்த்தனர். மேலிருந்து நோக்கிய மீனைப் பக்கவாட்டில் நோக்கச் செய்தது கண்ணாடித் தொட்டி. 1853ஆம் ஆண்டு இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையியலாளர் இத்துறை குறித்து எழுதிய நூல், வீடுகளில் தொட்டி அமைக்கும் ஆர்வத்தைப் பெருக்கியது.

தமிழகத்தில் சென்னையின் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற பகுதியாகும். அங்குள்ள கடைகளில் உள்ளங்கையளவுக் குடுவை முதல் ஆள் நீளத் தொட்டி வரை கிடைக்கின்றன. சிறு குடுவையை எந்த மேசையும் தாங்கும். நான்கடி நீளத் தொட்டிக்கு அவ்வாறு எளிதில் இடம் கிடைப்பதில்லை. எழுதுவதற்கும் உண்பதற்கும் செய்யப்பட்ட மேசை, இரவும் பகலும் நீங்காத பெருஞ்சுமையை ஏற்பதற்காகச் செய்யப்பட்டதன்று. எனவே, பெருந்தொட்டிக்கெனத் தனித்தாங்கி தேவைப்படுகிறது.

சுமையின் கணக்கு

தாங்கியின் முதல் வேலை உளியில் தொடங்குவதில்லை, கணக்கில் தொடங்குகிறது. 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உடைய தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இம்மூன்றையும் பெருக்கினால் 3,24,000 கன செ.மீ. கிடைக்கும். 1,000 கன செ.மீ. ஒரு லிட்டர் ஆதலின், தொட்டியின் கொள்ளளவு 324 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. ஆகவே, நீர் மட்டுமே 324 கிலோ ஆகிறது.

கண்ணாடியின் தடிமன் 10 மி.மீ. எனில், அடித்தளமும் நான்கு பக்கங்களும் சேர்ந்து 2.52 சதுர மீட்டர் பரப்பாகும். ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ என்ற கணக்கில் கண்ணாடியின் எடை 63 கிலோ. அடியில் ஐந்து செ.மீ. உயரத்திற்குச் சரளைக்கல் பரப்பினால் மேலும் நாற்பது கிலோவுக்குக் குறையாது. சரளை தன் இடத்திலுள்ள நீரை விலக்கும் என்பதும், தொட்டியை விளிம்புவரை நிரப்புவதில்லை என்பதும் உண்மையே. எனினும், சுமையைச் சற்றுக் கூட்டியே கணக்கிடுவது கட்டுமானத்தில் நல்ல மரபாகும். அவ்வாறு கொண்டால் தாங்கியின்மீது அமரும் எடை ஏறத்தாழ 430 கிலோ. ஆறேழு பெரியவர்கள் அச்சிறு பரப்பின்மேல் ஆண்டுக்கணக்கில் இறங்காமல் நிற்பதற்கு இது நிகராகும்.

இச்சுமை தாங்கி வழியாகத் தரையைச் சென்றடைகிறது. தாங்கியின் எடையை நாற்பது கிலோ எனச் சேர்த்தால், அரை சதுர மீட்டரைச் சற்றே மிஞ்சிய இடத்தில் 470 கிலோ நிற்கிறது. இந்தியத் தர நெறிமுறைப்படி, குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. தளம் ஓரிடத்துச் சுமையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும் என்றாலும், மாடி வீடுகளில் பெருந்தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல், உத்தரத்தையோ சுமைதாங்கும் சுவரையோ ஒட்டி வைப்பது பாதுகாப்பானது. இதனினும் பெரிய தொட்டி எனில், கட்டடப் பொறியாளரின் கருத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

மரத்தை அறிதல்

தாவரங்களுள் உள்ளே வன்மை உடையவற்றை மரம் என்றும், புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. அகத்தே அமைந்த அவ்வன்மையையே 'வைரம் பாய்ந்த கட்டை' என்று மக்கள் வழக்கு சுட்டுகிறது. மரத்தின் வெளிப்புறத்து இளம்பகுதியாகிய வெளிறு ஈரத்தை எளிதில் ஏற்கும். பூச்சியும் அதனையே முதலில் நாடும். எனவே, தாங்கியின் கால்களுக்கும் சட்டங்களுக்கும் வைரப்பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேக்கு இயல்பாகவே எண்ணெய்ப்பசை உடையது. ஈரத்தால் உருமாறுவது குறைவு. வேங்கை உறுதி மிக்கது. வேம்பின் வைரத்தைப் பூச்சிகள் எளிதில் அண்டுவதில்லை. மாமரம் விலை குறைந்ததாயினும் பூச்சிக்கு எளிதில் இரையாகும். எம்மரமாயினும் நன்கு உலர்ந்ததாக இருத்தல் இன்றியமையாதது. ஈரமரம் உலரும்போது சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். இன்று நேராக நிற்கும் கால், தொட்டி ஏறிய பின்னர்த் திருகிக்கொண்டால் அதன் விளைவு கண்ணாடியைச் சேரும்.

மரத்தின் நார்ப்போக்கை அறிதலும் தேவை. விறகு பிளப்பவர் நார்ப்போக்கின் வழியே கோடரியை இறக்குகிறார். கட்டை எளிதில் இரண்டாகிறது. ஆனால், அதே நார்கள் செங்குத்தாக நின்று தலையில் சுமையை ஏற்கும்போது, கிடந்த நிலையில் ஏற்பதைக் காட்டிலும் பன்மடங்கு தாங்குகின்றன. தூணாக நிற்கும் மரம் வலியது என்பதன் காரணம் இதுவே.

மேற்பலகைக்கு ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துவோர் அதன் தரத்தை நோக்க வேண்டும். ஐ.எஸ். 710 என்னும் முத்திரை கடல்தர ஒட்டுப்பலகையைக் குறிக்கும். அது ஈரத்தைத் தாங்கும். மரத்துகளை அழுத்திச் செய்த பலகை, பார்வைக்கு வழவழப்பாக இருப்பினும், நீர் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். அது நீர்த்தொட்டிக்கு ஏற்றதன்று.

சட்டகத்தின் அமைப்பு

தாங்கியின் அமைப்பு மூன்று வினாக்களுக்கு விடையாக அமைகிறது. சுமை எவ்வழியாக இறங்குகிறது? சட்டம் வளையாதிருப்பது எவ்வாறு? சட்டகம் சாயாதிருப்பது எவ்வாறு?

சுமை மரத்திலிருந்து மரத்திற்கு நேராக இறங்க வேண்டும். காலின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்துத் திருகாணியால் முடுக்கினால், சுமை முழுவதும் அத்திருகாணிகளில் தொங்குகிறது. தேர்ந்த தச்சர் காலின் உச்சியில் படிவெட்டி, அப்படியின்மேல் சட்டத்தை அமர்த்துகிறார். கழுந்தும் துளையுமாக இணைப்பதும் உண்டு. அவ்வமைப்பில் சுமையை மரம் ஏற்கிறது. திருகாணியும் பசையும் இணைப்பு விலகாமல் காக்கின்றன.

அடுத்தது வளைவு. 5 செ.மீ. தடிமனும் 10 செ.மீ. அகலமும் கொண்ட சட்டத்தைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தினால், அதே மரம் நான்கு மடங்கு விறைப்புப் பெறுகிறது. சட்டத்தின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதே இதற்குக் காரணம். மேலும், 120 செ.மீ. இடைவெளியின் நடுவே முன்னும் பின்னும் ஒவ்வொரு கால் கொடுத்தால், தாங்கலின்றி நீளும் தொலைவு பாதியாகிறது. வளைவோ பதினாறில் ஒரு பங்கிற்கும் கீழே குறைகிறது. ஆறு கால்களும் குத்துச் சட்டங்களும் உள்ள தாங்கி, தடித்த மரத்தாலான நான்கு கால் மேசையினும் உறுதியாக நிற்பது இதனால்தான்.

மூன்றாவது சாய்வு. நான்கு சட்டங்களை மூலைகளில் இணைத்த நாற்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது இணைகரமாகச் சரிந்துவிடும். மூன்று சட்டங்களை இணைத்த முக்கோணமோ, சட்டங்கள் முறியாதவரை தன் வடிவத்தை இழப்பதில்லை. ஆகவே, மூலைவிட்டமாக ஒரு சட்டத்தைப் பொருத்தி நாற்கரத்தை முக்கோணங்களாக்குவர். அல்லது பின்புறத்திலும் பக்கங்களிலும் ஒட்டுப்பலகையை அறைந்து மூடுவர். மேலிருந்து அழுத்தும் எடையை மட்டும் எண்ணிச் செய்த தாங்கி, குழந்தை ஒன்று ஓடிவந்து மோதும்போதோ, கனத்த பொருள் ஒன்று பக்கவாட்டில் இடிக்கும்போதோ தோற்றுவிடக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள செவ்வகத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 128.2 செ.மீ. சட்டகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரு மூலைவிட்டங்களும் சமமாக அமைந்தால் நான்கு மூலைகளும் செங்கோணங்களே. அளவுநாடா ஒன்றே இச்சோதனைக்குப் போதும்.

மட்டமும் சமதளமும்

கண்ணாடி அழுத்தத்தை நன்கு தாங்கும். வளைவையும் முறுக்கையும் தாங்காது. மேற்பரப்பின் ஒரு மூலை சிறிதளவு உயர்ந்திருந்தாலும் தொட்டியின் எடை அம்மூலையில் குவியும். பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையே சிக்கிய ஒரு மணற்பருக்கைகூட விரிசலுக்கு வித்தாகலாம். எனவே, இழைப்புளியால் மேற்பரப்பைச் சமன்செய்து, நேர்விளிம்புள்ள கோலை நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் வைத்து ஒளி புகுகிறதா எனப் பார்ப்பர். மூலைமட்டம் செங்கோணத்தையும், ரசமட்டம் கிடைநிலையையும் காட்டும்.

தரை சாய்ந்திருந்தால் தாங்கியின் கால்களுக்கு அடியில் மெல்லிய கட்டைகளைக் கொடுத்து மட்டப்படுத்த வேண்டும். தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையே துண்டுகளைச் செருகுவது தவறு; அது கண்ணாடியை ஓரிடத்தில் உந்தித் தள்ளும். அடிக்கண்ணாடி முழுவதும் பலகையில் அமரும் தொட்டியாயின், இடையே மெல்லிய தெர்மாகோல் தகடு விரிப்பது சிறு ஏற்றத்தாழ்வுகளைச் சரிசெய்யும்.

ஈரமும் மின்சாரமும்

தொட்டியைச் சுற்றி எப்போதும் ஈரம் உண்டு. நீர் மாற்றும்போது சிந்துவதும், தரையைத் துடைக்கும்போது கால்களில் படுவதும் தவிர்க்க இயலாதவை. மரத்தின் வெட்டுமுனைகள் நீரை மிகுதியாக உறிஞ்சும். ஆதலின், கால்களின் அடிமுனைக்கும் ஒட்டுப்பலகையின் ஓரங்களுக்கும் மெருகெண்ணெய் அல்லது வண்ணம் முதலில் பூசப்பட வேண்டும். பலரும் கண்ணில் படும் முன்புறத்தை மூன்றுமுறை பூசி, கண்ணில் படாத அடிப்புறத்தை விட்டுவிடுகின்றனர். அழிவோ பெரும்பாலும் அடியிலிருந்தே தொடங்குகிறது.

விளக்கு, காற்றுக்குழாய் இயந்திரம், வடிகட்டி ஆகியவற்றின் மின்கம்பிகள் செருகிக்குச் செல்லும் முன் சற்றுத் தாழ்ந்து வளைந்து, பின்னர் மேலேறிச் செல்ல வேண்டும். அப்போது கம்பி வழியே வழியும் நீர், வளைவின் அடியில் சொட்டிவிடும்; மின்செருகியை எட்டாது. செருகிப் பலகையைத் தரையில் வைக்காமல் உயரத்தில் பொருத்துவதும் இன்றியமையாதது.

நீர் நிரப்பும் நாள்

தாங்கி முடிந்தவுடன் தொட்டியை முழுதும் நிரப்பி மீன்களை விடுவது முறையன்று. முதலில் கால்பங்கு நீர் விட்டு, ரசமட்டத்தை மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் அரைப்பங்கு, முக்கால்பங்கு என நிரப்பி, ஒவ்வொரு நிலையிலும் இணைப்புகளையும் சட்டங்களையும் சோதிக்க வேண்டும். தொட்டியின் இரு முனைகளிலும் நீர்மட்டம் விளிம்பிலிருந்து ஒரே அளவில் உள்ளதா என அளந்தால், நீரே ஒரு மட்டக்கருவியாகிறது. முழுதும் நிரம்பிய பின் ஓரிரு நாள் அவ்வாறே விட்டு, மாற்றம் ஏதும் இல்லை எனத் தெளிந்த பின்னரே உயிர்களை அதில் விட வேண்டும்.

இப்பொறுமைக்குத் தக்க காரணம் உண்டு. நாற்காலியின் கால் ஒடிந்தால் அமர்ந்தவர் எழுந்துவிடலாம். பெருந்தொட்டியின் தாங்கி ஒடிந்தால் முந்நூறு லிட்டர் நீரும் கூரிய கண்ணாடித் துண்டுகளும் ஒரு நொடியில் அறையை நிறைக்கும். அருகில் குழந்தை இருக்கலாம், மின்கம்பி இருக்கலாம், மீன்களுக்கோ தப்ப வழியே இல்லை. தச்சர் படிவெட்டும்போது காட்டும் ஒரு மில்லிமீட்டர்க் கவனம், அவர் ஒருபோதும் காணாத ஒரு குடும்பத்தின் பாதுகாப்பாக மாறுகிறது. திரைச்சீலைக்கும் கதவுக்கும் பின்னே மறைந்துவிடும் அவ்விணைப்பைப் பாராட்டுவோர் இலர். ஆயினும், பல ஆண்டுகள் எவர் நினைவுக்கும் வராமல் அது நிற்பதே அவ்வேலையின் சிறப்புக்குச் சான்றாகும்.

சொல்லும் பொருளும்

வெளிறு – மரத்தின் வைரமற்ற வெளிப்பகுதி
கழுந்து – துளையில் பொருந்துமாறு செதுக்கப்பட்ட முனை
இழைப்புளி – மரப்பரப்பைச் சமன்செய்யும் கருவி
ரசமட்டம் – கிடைநிலையை அறியும் கருவி

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள நீர்த்தொட்டி ஒன்றின் அளவுகளை எடுத்து, அது நிரம்பியிருக்கும்போது நீரின் எடை எவ்வளவு எனக் கணக்கிட்டு வகுப்பில் கூறுக.
2. உங்கள் ஊர்த் தச்சரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் பயன்களையும் தொகுத்து எழுதுக.
3. குச்சிகளால் ஒரு நாற்கரமும் ஒரு முக்கோணமும் செய்து, எது எளிதில் சரிகிறது எனச் சோதித்து அறிக.

மதிப்பீடு

குறுவினா
1. தாங்கிக்கு வெளிறு நீக்கிய மரத்தைத் தேர்வதேன்?
2. மின்கம்பி தாழ்ந்து வளைந்து செல்ல வேண்டியதன் காரணம் யாது?

சிறுவினா
1. சட்டத்தைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்துவதால் விளையும் பயனை விளக்குக.
2. 'நீரே ஒரு மட்டக்கருவியாகிறது' – இடம்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
1. கண்ணுக்குத் தெரியாத உழைப்பின் நேர்மையே பலரின் பாதுகாப்பாகிறது என்பதைப் பாடப்பகுதி கொண்டும் உங்கள் சூழலிலிருந்து பிற சான்றுகள் கொண்டும் நிறுவுக.